சாம்பல் நிரப்பிய குழி

நடந்தவை இவை.

1. திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குக் குவாரியில் வெடி வைத்தார்கள்.
2. ஒரு கல் ஆற்றைத் தாண்டி வந்து எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பரா வாசலில் விழுந்தது. உள்ளே பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை.
3. செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், வேலைக்குப் போகும் முன், நான் அந்தக் குழியை அளந்தேன்.
4. புதன்கிழமை அணை வேலைக் கம்பெனியின் எஞ்சினியர் வந்து பார்த்துவிட்டு, கல் பறந்து வரவில்லை, மேல் ரோட்டிலிருந்து உருண்டு வந்தது என்று சொன்னார்.
5. வியாழக்கிழமை, கொழும்பிலிருந்து வெடிமருந்து விஷயங்களைப் பார்க்கும் அதிகாரி அடுத்த வாரம் வருவதாகச் செய்தி வந்தது. வெள்ளிக்கிழமை குழி மூடப்பட்டது.
6. அடுத்த புதன்கிழமை அதிகாரி வந்தார். பார்ப்பதற்குக் குழி இல்லை.

என் குறிப்புப் புத்தகத்தில் அன்று இப்படித்தான் எழுதியிருந்தேன். யார் மூடினார்கள் என்பதை அதில் எழுதவில்லை. மூடியவர் என் அண்ணி. பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். மூன்று வருடம் கழித்து இதை எழுத உட்கார்ந்திருப்பதும் குழிக்காக அல்ல, அவருக்காகத்தான்.

எங்கள் தோட்டம் நோர்வூட்டிலிருந்து மேலே ஏறிப் போகும் வழியில் இருக்கிறது. கீழே ஆற்றில் அணை கட்டத் தொடங்கிய பிறகு அக்கரையிலிருந்த பாறை மலையைக் குவாரியாக்கினார்கள். நாளுக்கு இரண்டு தடவை, பகல் பன்னிரண்டுக்கும் மாலை நான்குக்கும் வெடி. வெடிக்கு முன் சங்கு ஊதும். இக்கரையில் தேயிலை மலையின் அடிவாரத்தில், மதகுக்குப் பக்கத்தில், ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். கொடிக்குக் கீழே யாரும் நிற்கக் கூடாது. கொடிக்கு மேலே இருப்பவர்கள் தங்கள் பாட்டுக்கு வேலை செய்யலாம். பிள்ளைக் காம்பரா கொடிக்கு மேலே நூற்றைம்பது கெஜம் தள்ளி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் ஓரத்தில் தனியாக இருந்தது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் பால் குடிக்கும் பிள்ளைகளையும் நடை பழகும் பிள்ளைகளையும் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்கு முன் அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். ஒரே அறை, தகரக் கூரை, உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டில்கள், மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு.

அண்ணியும் முன்பு கொழுந்தெடுத்தவர்தான். ஒரு மழைக்காலத்தில் கூடையோடு, மழைநீர் ஓட வெட்டிய கானுக்குள் சறுக்கி விழுந்ததில் இடுப்பில் அடிபட்டது. மூன்று மாதம் படுக்கையில் கிடந்து எழுந்தபோது இடது காலை இழுத்து நடந்தார். மலை ஏற முடியாது என்று டிஸ்பென்சர் எழுதிக் கொடுத்ததால் தோட்டத்தை நடத்தும் துரை அவரைப் பிள்ளைக் காம்பராவில் போட்டார். "இடுப்பு ஒடிஞ்சவளுக்குன்னு பாத்து இடுப்புல ஏறுற வேலையாக் குடுத்திருக்காங்க" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. சொந்தப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாராவது வாய் திறந்தால், "பதினாலு இருக்கு, போதாதா? உனக்கு வேணும்னா ரெண்டு தூக்கிக்கிட்டுப் போ" என்பார். கேட்டவர்கள் அதற்குப் பிறகு கேட்க மாட்டார்கள்.

நான் அண்ணனோடும் அண்ணியோடும் அதே லயத்தில் இருந்தேன். ஹட்டனில் பள்ளிப்படிப்பு முடித்து, கொழும்பில் ஒரு மிஷன் விடுதியில் தங்கி இரண்டு வருடம் படவரைதல் படித்திருந்தேன். பிரஜாவுரிமைப் பத்திரம் இல்லாததால் அரசாங்க வேலைக்கு மனுப் போட முடியவில்லை. அணை வேலைக் கம்பெனியின் வரைபட அறையில் தினக்கூலிக்கு டிரேசராக எடுத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் வரைந்த படத்தின் மேல் மெல்லிய டிரேசிங் துணியை விரித்து, கோடு தப்பாமல் மையால் பிரதி எடுப்பதுதான் வேலை. சொந்தமாக ஒரு கோடு போடத் தேவையில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. அப்படியாக, கல்லை எறிந்த கம்பெனியில்தான் எனக்குச் சம்பளம். கல் விழுந்த வாசலில்தான் எனக்குச் சோறு.

திங்கட்கிழமை சாயந்தரம் நான் வீடு திரும்பியபோது கல்லை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள். கங்காணி அதைக் கொழுந்து நிறுக்கும் தராசில் தொங்கவிட்டு நிறுத்துப் பார்த்திருந்தார். முப்பத்தொரு ராத்தல். "கணக்கப்பிள்ளை நிறுத்திருந்தா ஈரக் கொழுந்துன்னு ரெண்டு ராத்தல் கழிச்சிருப்பாரு" என்றார் அண்ணி. சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். அவர் கை மட்டும் முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தது. கல் விழுந்த நேரத்தில் அவர் வாசற்படியில் உட்கார்ந்து ஒரு பிள்ளைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்திருக்கிறார். படிக்கும் குழிக்கும் இடையில் மூன்று முழம். தெறித்த மண் கஞ்சிக் கிண்ணத்தில் விழுந்திருந்தது.

மறுநாள் விடியற்காலை பனி விலகும் முன் போய், தையல்காரர் வைத்திருப்பது போன்ற என் நாடாவால் குழியை அளந்தேன். குழியைச் சுற்றி மண் வரம்பு போல எழும்பியிருந்தது. வரம்பின் உச்சியிலிருந்து எதிர் உச்சி வரை இருபத்தேழு அங்குலம். ஒரு மூங்கில் குச்சியை வரம்பின் மேல் குறுக்கே வைத்து, அதிலிருந்து அடிவரை நாடாவை விட்டுப் பார்த்தேன், பதினைந்து அங்குலம். காய்கறிப் பாத்தியில், கல்லோடு வந்த சில்லுகள் விழுந்த இன்னும் இரண்டு சிறு குழிகள் இருந்தன. அவற்றையும் அளந்து எழுதினேன். அண்ணி பிள்ளைகளை வாங்கி உள்ளே விட்டுக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாப்பா, குழிக்குச் சட்டை தைக்கப் போறியா?"

"அளவு இருந்தாத்தான் அண்ணி பேச முடியும். கொடியை இன்னும் மேல தள்ளி நடணும்னு எழுதிக் கேக்கலாம். கொடி மேல வந்துட்டா வெடி நேரத்துல இங்க யாரும் இருக்கக் கூடாதுன்னு ஆயிரும்."

"அப்ப நல்லா அளந்துக்க. கையகல இடம் விட்டுறாத."

மழை வந்தால் கெட்டுப்போகும் என்று ஒரு தகரத்தால் குழியை மூடி மேலே கல் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

துரை கம்பெனிக்கும் கொழும்பிலிருந்த வெடிமருந்து அதிகாரிக்கும் கடிதம் எழுதியிருந்தார். புதன்கிழமை எஞ்சினியர் வந்து ஐந்து நிமிடம் நின்று பார்த்தார் என்று கங்காணி சொன்னார். பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் மேல் ரோடு போகிறது. அங்கே லாரிகள் கல் இறக்கிக் குவித்திருந்தன. அந்தக் குவியலிலிருந்து ஒரு கல் நழுவிப் படிக்கட்டுப் பாதை வழியாக உருண்டு வந்து விழுந்தது என்பது அவருடைய முடிவு. அப்படியானால் குவாரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, கொடி நின்ற இடத்திலேயே நிற்கலாம், வெடியின் அளவைக் குறைக்க வேண்டியதும் இல்லை.

அன்று பிற்பகல் அவர் வரைபட அறைக்கு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். நான் அளந்த விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது. குறிப்புப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இருபத்தேழு அங்குலம் எங்கிருந்து எங்கே என்று கேட்டார். வரம்பின் உச்சியிலிருந்து உச்சிக்கு என்றேன். வரம்பு என்பது வெளியே தெறித்து விழுந்த மண், குழியின் வாய் அதற்குக் கீழே பழைய தரைமட்டத்தில் இருக்கிறது, நீ குழியை அளக்கவில்லை, குவியலையும் சேர்த்து அளந்திருக்கிறாய் என்றார். ஆழமும் அப்படித்தான். குவியலின் உச்சியிலிருந்து தொடங்கி, உள்ளே சரிந்து கிடந்த உதிரி மண்ணில் முடித்திருக்கிறாய். மேலும் தப்பு, கீழும் தப்பு. குரலை உயர்த்தாமல் சொன்னார். பக்கத்து மேசைகளில் பேனா ஓடும் சத்தம் நின்றுவிட்டது. நாடாவைச் சரியாகப் பிடிக்கத் தெரியாதவர்கள் சொல்லும் கதையை அதிகாரி எப்படி நம்புவார் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அவர் சொன்னது சரி. இதை எழுதும்போதும் அதைத்தான் முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வேகமாக வந்து விழும் பொருள் தரையைத் துளைப்பதோடு நிற்பதில்லை. மண்ணை வெளியே தள்ளி விளிம்பை உயர்த்துகிறது. கொஞ்சம் மண் திரும்ப உள்ளேயே விழுந்து அடியை மறைக்கிறது. கண்ணுக்குத் தெரியும் குழி வேறு, உண்மையான குழி வேறு. பழைய தரைமட்டத்தைக் கண்டுபிடித்து அதிலிருந்து கீழே அளக்க வேண்டும். உதிரி மண்ணை அள்ளிவிட்டு, கல் அழுத்திக் கெட்டிப்படுத்திய அடியைத் தொட வேண்டும். படித்த பாடத்தில் இல்லாவிட்டாலும் நின்று யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நான் யோசிக்கவில்லை. சனிக்கிழமை அரை நாள்தான் வேலை, அன்று திரும்பவும் சரியாக அளந்துவிடலாம் என்று இருந்தேன்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் லயத்துக்கு ஏறி வந்தபோது தூரத்திலேயே மாற்றம் தெரிந்தது. பிள்ளைக் காம்பரா வாசல் முழுவதும் சாணி போட்டு மெழுகி, ஓரத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, நடுவில் கோலம் போட்டிருந்தது. என் தகரம் சுவரோரம் கழுவிச் சாத்தியிருந்தது. அண்ணி வாசற்படியில் உட்கார்ந்து முழங்கையில் ஒட்டியிருந்த சாணியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கு? கங்காணி பெரட்டுல நின்னு கத்துனாரு, கொழும்புலேர்ந்து பெரியவங்க வர்றாங்க, காம்பரா வாசல் கண்ணாடியா இருக்கணும்னு. நாலு பேரு சேந்து மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டோம்."

"குழி எங்க அண்ணி?"

"மூடியாச்சு. குழியும் தகரமுமா இருந்தா நல்லாவா இருக்கும்?"

"அந்தக் குழியைப் பாக்கத்தான் அவங்க வர்றாங்க."

அவர் சுரண்டுவதை நிறுத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "குழி கெடந்தா நம்மளத்தான பேசுவாங்க, காம்பராவை எப்படிப் போட்டு வச்சிருக்கா பாருன்னு."

தோட்டத்துக்கு யார் வந்தாலும், துரை, டாக்டர், சுகாதாரப் பரிசோதகர், யாராக இருந்தாலும், எங்களிடம் குறை கண்டுபிடிக்கத்தான் வருவார்கள். வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கிறது, ஈ மொய்க்கிறது, பிள்ளைகளின் மூக்கு ஒழுகுகிறது. அதற்கு முந்திய வருடம் ஒரு சின்னப் பள்ளத்தில் மழைநீர் நின்றதற்காக அண்ணி இரண்டு நாள் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டிருந்தார். வேறு ஒருவர் செய்த குறையைப் பார்ப்பதற்காக ஒரு அதிகாரி லயத்துக்கு வருவார் என்பது அண்ணிக்குத் தோன்றவில்லை, கங்காணிக்குத் தோன்றவில்லை, சேர்ந்து மெழுகிய நான்கு பெண்களுக்கும் தோன்றவில்லை. இதெல்லாம் இன்று எனக்கு விளங்குகிறது. அன்று எனக்குக் கோபம் மட்டுமே இருந்தது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அவரே பேச்சை எடுத்தார். "நான் வேணும்னா திருப்பித் தோண்டிக் குடுத்திடவா பாப்பா? அதே எடம், அதே அளவு. நீதான் எழுதி வச்சிருக்கியே." அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அளவே தப்பு என்பதை நான் வீட்டில் சொல்லியிருக்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தேன். அடுத்த நான்கு நாளும் அண்ணியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் காலையில் தேத்தண்ணீர் ஊற்றி வைப்பார், நான் எடுத்துக் குடிப்பேன், அவ்வளவுதான். அந்த நான்கு நாளும் மழை விடாமல் பெய்தது.

புதன்கிழமை அதிகாரி வந்தார். ஐம்பது வயதுக்கு மேலான சிங்களவர், கறுப்புக் குடை, சேறு படிந்த சப்பாத்து. கூடவே எஞ்சினியர். பேச்சை மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று துரை கேட்டதால் கம்பெனியே என்னை அனுப்பியிருந்தது. கங்காணி முன்னால் வந்து கும்பிட்டு, "எல்லாம் சுத்தம் பண்ணி வச்சிருக்கோமுங்க" என்றார். அதிகாரி மெழுகிய வாசலைப் பார்த்தார். குழி எங்கே என்று கேட்டார். நான் கோலத்தைக் காட்டினேன். எஞ்சினியர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதைக் கண்டேன்.

பாத்தியிலிருந்த மற்ற இரண்டு குழிகளையும் காட்டினேன். மழை கரைத்து, ஆடு மிதித்து, இரண்டும் தட்டு போல அகன்று கிடந்தன. ஒன்றில் தவளை இருந்தது. அவற்றை வைத்து யாரும் எதையும் சொல்ல முடியாது. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் திரும்பிப் போயிருந்தால் கொடி மதகுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கும், பிள்ளைகள் தகரக் கூரைக்குக் கீழேயே இருந்திருப்பார்கள்.

அப்போது அண்ணி, இடுப்பில் ஒரு பிள்ளையோடு, காலை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை.

"நான்தாங்க மூடுனேன். இந்தப் புள்ள மேல குத்தமில்லீங்க. அது அளந்து தகரம் போட்டு வச்சிருந்துச்சு. நான்தான் தகரத்தை எடுத்துட்டு அடுப்புச் சாம்பலைக் கொட்டி மூடிட்டேன்."

நான் மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "சாம்பலா? மண்ணு இல்லையா?"

"மண்ணு கொட்டுனா மழைக்கு அமுங்கி மறுபடி பள்ளம் விழும். மிலாறு எரிச்ச சாம்பல் ரெண்டு வாளி. தண்ணி தெளிச்சுக் கையால அடிச்சு, மேல சாணி போட்டேன். இதுகூடவா தெரியாது உனக்கு?"

மிலாறு என்றால் கவ்வாத்து வெட்டிப்போட்ட தேயிலைக் குச்சி. எங்கள் எல்லார் வீட்டு அடுப்பிலும் அதுதான் எரிகிறது. அதன் சாம்பல் வெளுத்திருக்கும். எங்கள் மண்ணோ செம்மண். வெட்டிப் பார்த்தால் குழியின் ஓரம் நிறத்திலேயே தெரியும். நான் அதிகாரியிடம் ஒரு மணி நேரம் அவகாசம் கேட்டேன். அவர் எஞ்சினியரைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "ஹொந்தாய்" என்று சிங்களத்தில் சம்மதம் சொல்லிவிட்டுத் துரையின் பங்களாவுக்குத் தேநீர் குடிக்கப் போனார்.

குவாரியையும் பிள்ளைக் காம்பராவையும் சேர்க்கும் கோட்டில் ஒரு கயிறு கட்டி, அந்தக் கயிற்றை ஒட்டி வாசலை வெட்டினோம். குழியின் ஒரு பாதியை மண்ணோடு எடுத்துவிட்டு, மறு பாதியைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். மண்வெட்டியால் பள்ளம் இறக்கியது அண்ணன். முகத்தைச் சீவி எடுத்தது அண்ணி. கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கடன் வாங்கி, இழுக்கிற காலை நீட்டிப் பள்ளத்துக்குள் உட்கார்ந்து, உருளைக்கிழங்குத் தோல் சீவுவது போல மண்ணை மெல்லிய சீவல்களாக எடுத்தார். "போதுமா? இன்னும் ஒரு நூல் எடுக்கவா?" என்று ஒவ்வொரு சீவலுக்கும் கேட்டார். நான்கு நாளுக்குப் பிறகு நாங்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்ட பேச்சு அதுதான்.

சீவி முடித்தபோது குழி தன்னைத் தானே வரைந்து வைத்திருந்தது. மேலே சாணி மெழுகிய மெல்லிய பச்சைக் கோடு. இரண்டு பக்கமும் தெறித்த மண் வரம்பு. அதற்குக் கீழே புல்வேர் பரவிய கறுப்புக் கோடு ஒன்று ஓடியது. அதுதான் பழைய தரைமட்டம். குழியின் உள்ளே சாம்பல், வெளுத்துப் போய், ஓரம் கத்தியால் கீறியது போல. சாம்பலுக்கு அடியில் ஒரு கைப்பிடி உதிரி மண். அதற்கும் அடியில் கல் அழுத்திக் கெட்டியாக்கிய செம்மண், நகத்தால் கீறினாலும் உதிராதபடி. நான்கு நாள் மழையில் ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. நான் போட்ட தகரம்கூட இப்படிக் காத்திருக்காது. சனிக்கிழமை நான் அளந்திருந்தாலும் இவ்வளவு தெளிவாகக் கிடைத்திருக்காது. குழியை மேலிருந்து பார்த்து அளப்பவர்களுக்குத் தரைமட்டக் கோடு தெரிவதில்லை.

வரைபட அறையிலிருந்து கொண்டுவந்த டிரேசிங் துணியை அந்த முகத்தின் மேல் விரித்து, நான்கு மூலைக்கும் முள் குத்தி, பென்சிலால் அப்படியே பிரதி எடுத்தேன். உள்ளது உள்ள அளவில். பிறகு நாடா பிடித்தேன். வாய், தரைமட்டத்தில், பத்தொன்பது அங்குலம். ஆழம், தரைமட்டத்திலிருந்து கெட்டி மண் வரை, பதின்மூன்றரை. முதல் அளவில் வாயை எட்டு அங்குலம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன். ஆழமோ, மேலே கூட்டியதும் அடியில் குறைத்ததும் சேர்ந்து, வேறு ஒரு தப்பான எண்ணாக வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழி நேராக இறங்கவில்லை. சாய்ந்து இறங்கியிருந்தது.

அதிகாரி வந்து பள்ளத்தின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தார். பிறகு குடையை மடித்து, அதன் நுனியைக் குழியின் அடியில் ஊன்றி, குழி சாய்ந்திருந்த அதே சாய்வில் பிடித்தார். கைப்பிடி ஆற்றுக்கு மேலாக அக்கரைப் பாறையைக் காட்டியது. மேல் ரோடு அதற்கு நேர் எதிர்ப்புறம், அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உருண்டு வந்த கல் தரையைக் கீறும், இப்படிச் செருகாது என்று அவர் எஞ்சினியரிடம் சொன்னார். எஞ்சினியர், ஒரே ஒரு கல்தானே என்றார். பறந்ததா என்று தெரிந்துகொள்ள ஒன்று போதும் என்றார் அதிகாரி.

அங்கேயே, பிள்ளைக் காம்பராத் திண்டில் வைத்து, புதிய ஏற்பாட்டை எழுதினோம். அவர் ஆங்கிலத்தில் சொன்னார், லயத்தில் ஒட்டுவதற்காக நான் தமிழில் எழுதினேன். வரிசைப்படுத்தித் தரும்படி என்னிடமே விட்டார். நான்கு வரிகள்:

1. வெடிக்கு அரை மணி நேரத்துக்கு முன் முதல் சங்கு.
2. சிவப்புக் கொடி பிள்ளைக் காம்பராவுக்கு மேலே.
3. முதல் சங்கு ஊதியதும் பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோக வேண்டும்.
4. வெள்ளைக் கொடி ஏறிய பிறகு திரும்பலாம்.

அதிகாரி வாசித்துக் காட்டச் சொன்னார். இரண்டு தடவை வாசித்தேன். விட்டுப்போனது ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார், எஞ்சினியரும் போட்டார். அன்று இரவு நான் நன்றாகச் சாப்பிட்டேன். அண்ணி கருவாடு வறுத்திருந்தார். என்னை வேலையை விட்டு நிறுத்துவார்கள் என்று லயத்தில் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். நிறுத்தவில்லை.

பிள்ளைகளை யார் கொண்டுபோவது என்று நான் எழுதவில்லை.

காம்பராவிலிருந்து கோயிலுக்கு நூற்றுப் பன்னிரண்டு படி. பதினான்கு பிள்ளைகளில் ஆறு பேர் நடப்பார்கள், எட்டுப் பேர் நடக்க மாட்டார்கள். பகல் வெடி பன்னிரண்டுக்கு. தாய்மார் கொழுந்து நிறுத்துவிட்டு வரப் பன்னிரண்டரை ஆகும். மாலை வெடிக்கு அவர்கள் மலையிலேயே இருப்பார்கள். ஆகவே முதல் சங்கு ஊதியதும் அண்ணி நடக்கிற ஆறு பேரையும் ஒரு பழைய சேலையைப் பிடிக்கச் செய்து, முதுகில் ஒன்று இடுப்பில் ஒன்றாகத் தூக்கிக்கொண்டு ஏறுவார். பூசாரியிடம் விட்டுவிட்டு இறங்குவார். இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு, இன்னும் இரண்டு. நான்கு தடவை ஏற்றம். வெள்ளைக் கொடி ஏறியதும் அதே கணக்கில் இறக்கம். நாளுக்கு இரண்டு வேளை. மலை ஏற முடியாது என்று எழுதிக் கொடுத்ததால் அந்த வேலைக்கு வந்தவர் அவர்.

இதை நான் கணக்குப் போட்டுப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து, காய்ச்சலில் லீவு போட்டுப் படுத்திருந்த ஒரு நாளில், சன்னல் வழியாகப் படிக்கட்டைப் பார்த்தபோதுதான். அதுவரை அந்த நேரங்களில் நான் வரைபட அறையில் இருந்தேன். கங்காணியிடம் போய்த் துணைக்கு ஒரு ஆள் கேட்டேன். "கடுதாசில அப்படி ஒன்னும் இல்லையே பாப்பா. கொழுந்துக்கே ஆள் பத்தல" என்றார். கம்பெனியில் கேட்டேன். பிள்ளைகள் தோட்டத்தைச் சேர்ந்தவர்கள், தங்கள் பொறுப்பு சங்கும் கொடியும்தான் என்றார்கள். அந்த ஏற்பாட்டுத் தாளை எடுத்துப் பார்த்தார்கள், யார் தூக்குவது என்று அதில் இல்லை, எழுதியது நான்தான். அதிகாரிக்கு இரண்டு தடவை எழுதினேன். அவர் வேறு பகுதிக்கு மாறிப் போயிருந்தார் என்று பின்னால் தெரிந்தது. சனிக்கிழமைகளில் நான் இருக்கும் வேளைக்கு நானும் தூக்கினேன். வாரத்துக்கு ஒரு வேளை.

அண்ணி என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை, மூன்றாவது நடை ஏறும்போது, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ சரியாத்தான் அளந்த பாப்பா. குழியில ஒரு கொறையும் இல்ல" என்றார். அதைக் கேலியாகச் சொன்னாரா, மனதாரச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்கவும் இல்லை. முதுகிலிருந்த பிள்ளை அவர் காதைப் பிடித்து இழுத்தது. "இந்தா, குதிரைக்குக் கொள்ளு போட ஆளில்ல, ஓட்ட மட்டும் வந்துட்டான்" என்று எழுந்து ஏறினார்.

பதினெட்டு மாதம் இப்படி நடந்தது. அதற்கிடையில் வாசலில் இன்னும் இரண்டு கல் விழுந்தன. ஒரு மாலை வெடியில் வேறொரு கல் தகரக் கூரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், தொட்டில் கட்டும் உத்தரத்தை உடைத்து, அடுப்பில் விழுந்தது. அப்போது உள்ளே யாரும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். கூரையிலிருந்த ஓட்டையை அளக்கவில்லை.

இப்போது அணை முடிந்துவிட்டது. ஆற்றின் அந்த வளைவு முழுவதும் தண்ணீர். குவாரியில் வேலை இல்லை, கொடிக்கம்பத்தைப் பிடுங்கிப் போய்விட்டார்கள். நான் ஹட்டனில் ஒரு நில அளவையாளரின் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், சனிக்கிழமை வீட்டுக்குப் போகிறேன். அண்ணியின் இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது, இனி சரியாகாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவருக்கு முப்பத்துமூன்று வயது. கைத்தடியில்லாமல் நடப்பதில்லை. பிள்ளைக் காம்பராவில் வேறொரு பெண் இருக்கிறார்.

அந்தப் பதினான்கு பேரும் நன்றாக இருக்கிறார்கள். நடந்து ஏறிய ஆறு பேரும் தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். பள்ளிக்கூடம் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணியால் அதுவரை ஏற முடியாது.